கியூரி அம்மையார் நடத்திய பள்ளி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் போலந்து நாடு தன்னுரிமை இழந்து கிடந்தது. அதன் பெரும்பகுதி உருசியப் பேரரசரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அந்நாட்டின் பழந்தலைநகராகிய வார்சாவில், 1867ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள், ஆசிரியர் குடும்பம் ஒன்றில் ஐந்தாம் மகவாகப் பிறந்தவர் மரியா ஸ்க்ளோடோவ்ஸ்கா. பின்னாளில் மேரி கியூரி என்னும் பெயரால் உலகமெல்லாம் அறிந்த விஞ்ஞானப் பேரறிஞர் அவரே. தந்தையார் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். தாயார் பெண்கள் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியையாக விளங்கியவர். மரியாவுக்குப் பத்து வயது நடந்தபொழுதே தாயார் காசநோயால் காலமானார்.

போலந்து மக்கள் பௌதிகமும் இரசாயனமும் செய்து பார்த்துக் கற்பதை ஆட்சியாளர் விரும்பவில்லை. பள்ளிகளிலிருந்து பரிசோதனை வகுப்புகள் நீக்கப்பட்டன. பாடம் ஏட்டளவில் நின்றது. மரியாவின் தந்தையார் தம்மிடம் இருந்த கருவிகளை வீட்டிற்குக் கொண்டுவந்து, கண்ணாடிக் கதவிட்ட பேழை ஒன்றில் அடுக்கி வைத்தார். கண்ணாடிக் குழாய்கள், சிறு தராசுகள், கனிமத் துண்டுகள், தங்கத்தகடு பொருத்திய மின்காட்டி ஆகியவை அதனுள் இருந்தன. சிறுமி மரியா அப்பேழையின் முன் நுனிக்காலில் நின்று அவற்றை வியப்போடு பார்ப்பாள். அவற்றின் பெயர் பௌதிகக் கருவிகள் என்று தந்தையார் சொல்லக் கேட்டு, அப்பெயரைப் பாட்டுப்போலத் திரும்பத் திரும்பச் சொல்லி மகிழ்வாள். கருவி கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கு எட்டவில்லை. பிற்காலத்தில் அவர் சிறுவர்க்குக் கல்வி புகட்ட முற்பட்டபோது முதற்கண் அகற்ற விரும்பிய தடை இதுவேயாகும்.

1883ஆம் ஆண்டில் மரியா பொற்பதக்கத்துடன் உயர்நிலைக் கல்வியை முடித்தார். வார்சாப் பல்கலைக்கழகமோ பெண்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. ஆதலின் அவர், அரசினர் அறியாவண்ணம் வீடு வீடாக இடம் மாறி நடைபெற்று வந்த மறைமுகக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து பயின்றார். தமக்கையார் பிரானியா பாரிசு சென்று மருத்துவம் படிப்பதற்குப் பொருள் வேண்டியிருந்தது. தங்கை ஈட்டி அனுப்ப, தமக்கை படித்து முடித்துப் பின்னர்த் தங்கையைப் படிக்க வைப்பதென்று இருவரும் உடன்பாடு செய்துகொண்டனர். அதற்கிணங்க மரியா 1886 முதல் சில ஆண்டுகள் நாட்டுப்புறத்துச் செல்வர் ஒருவர் இல்லத்தில் தங்கி, அவர்தம் மக்களுக்குக் கற்பிக்கும் பணியை மேற்கொண்டார். அவ்வூர் உழவர்களின் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுத்தறிவு இல்லாதிருந்ததைக் கண்டு, ஓய்வு நேரத்தில் அவர்களைத் தம் அறைக்கு அழைத்துப் போலிய மொழி கற்பித்தார். வீட்டு மூத்த மகளும் இப்பணியில் துணைநின்றாள். வெளியில் தெரிந்தால் கடுந்தண்டனைக்கு ஆளாக நேரிடும். அதனை அறிந்தே இருவரும் அதனைச் செய்தனர்.

பகலெல்லாம் கற்பித்த மரியா, இரவில் பௌதிகமும் கணிதமும் தாமே படித்தார். எனினும் ஒரு பரிசோதனையையேனும் தம் கையால் செய்து பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. அவ்வாய்ப்பு 1890ஆம் ஆண்டையொட்டி, அவர் வார்சா திரும்பிய பின்னரே வந்தது. தொழில் வேளாண்மைப் பொருட்காட்சிச்சாலை என்று பெயரிட்டுக் கொண்டு அந்நகரில் ஒரு நிலையம் இயங்கி வந்தது. பொருட்காட்சி என்னும் பெயர் ஆட்சியாளரின் ஐயத்தைத் தவிர்த்தது. உள்ளே விஞ்ஞானம் கற்பிக்கப்பட்டது. அதன் தலைவர் யோசெப் பொகுஸ்கி மரியாவின் உறவினர். தனிமங்களின் அட்டவணையை வகுத்த மெந்தலேயெவ் என்னும் உருசிய அறிஞரிடம் உதவியாளராக இருந்தவர். மாலைப் பொழுதுகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மரியா அங்குள்ள சோதனைச்சாலைக்குச் செல்வார். பெரும்பாலும் துணைக்கு ஒருவரும் இரார். நூல்களில் படித்த பரிசோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பார். சில நாள் எதிர்பாராத வெற்றி கிட்டும். சில நாள் பழக்கமின்மையால் கருவி பழுதுபடும், கணக்குப் பிழைபடும், மனம் சோர்ந்துவிடும். ஆயினும் தமக்கு ஏற்ற தொழில் இதுவே என்னும் உறுதி அங்கேதான் அவருக்குப் பிறந்தது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்து மூன்று.

1891ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அவர் பாரிசு நகரை அடைந்து சோர்பான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வறுமையும் குளிரும் வாட்டக் கற்று, 1893இல் பௌதிகத் தேர்வில் முதலாவதாகவும், 1894இல் கணிதத் தேர்வில் இரண்டாவதாகவும் தேறினார். 1895இல் பியரி கியூரி என்னும் பௌதிக அறிஞரை மணந்தார். 1898இல் கணவனும் மனைவியும் சேர்ந்து பொலோனியம், ரேடியம் என்னும் இரு தனிமங்களைக் கண்டறிந்தனர். ஒழுகும் கூரையுடைய கொட்டகை ஒன்றில், தம் உயரமுள்ள இரும்புக் கோலால் கொதிக்கும் கனிமக் குழம்பை நாள்தோறும் கிளறி, 1902இல் அம்மையார் ஒரு கிராமில் பத்திலொரு பங்கு ரேடிய உப்பைப் பிரித்தெடுத்தார். 1903இல் பௌதிகத்திற்கான நோபல் பரிசு, பெக்கரல் என்பாருக்கும் இவ்விருவருக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. ஐரீன், ஈவ் என இரு பெண்மக்கள் பிறந்தனர். 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் பியரி பாரிசுத் தெருவில் குதிரை வண்டியில் அகப்பட்டு உயிர் நீத்தார். கணவர் வகித்த பணி மனைவியாருக்கு அளிக்கப்பட்டது. சோர்பான் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்ற முதற்பெண்மணி அவரே.

இவை பலரும் அறிந்தவை. பலர் அறியாத பகுதி, அவர் ஆசிரியையாக ஆற்றிய தொண்டாகும். 1900ஆம் ஆண்டிலேயே அவர் பாரிசையடுத்த செவ்ர் என்னுமிடத்தில் இருந்த பெண்கள் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பௌதிகம் கற்பிக்க அமர்ந்தார். அங்குப் பயின்றோர் பிற்காலத்தில் நாடெங்கும் உள்ள பெண்கள் பள்ளிகளில் ஆசிரியைகளாகச் செல்ல வேண்டியவர்கள். பிரெஞ்சு நாட்டில் பெண்களுக்கு அரசினர் உயர்நிலைப்பள்ளிகள் ஏற்பட்டதே 1880ஆம் ஆண்டின் சட்டத்தால்தான். அப்பள்ளிகளின் பாடத்திட்டமும் ஆண்கள் பள்ளிகளுக்கு நிகரானதாக நெடுநாள் இல்லை. 1924இல்தான் அந்நிலை மாறியது. இத்தகைய சூழ்நிலையில், மாணவியர் தம் கையாலேயே கருவிகளை இயக்கிப் பரிசோதனை செய்யுமாறு அம்மையார் வகுப்பை மாற்றியமைத்தார். சொற்பொழிவு கேட்டுக் குறிப்பெழுதிப் பழகிய மாணவியர்க்கு முதலில் இது புதுமையாக இருந்தது. அவர்களுள் ஒருவராகிய எழேனி கொத்தோன் பின்னாளில் அக்கல்லூரிக்கே தலைவியானார்.

இதனினும் வியப்பானது, வயதிற் சிறியவர்களுக்காக அவர் செய்த முயற்சி. மூத்த மகள் ஐரீன் பள்ளி செல்லும் பருவத்தை அடைந்தாள். பிள்ளைகளை நாள் முழுவதும் காற்றோட்டமற்ற அறைகளில் அடைத்து, அசையாமல் அமர்த்தி, நூல்களை நெட்டுருச் செய்விக்கும் வழக்கம் அம்மையாருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. வளரும் உடல் ஓடவேண்டும். வளரும் அறிவு தொட்டறிய வேண்டும் என்பது அவர் கொள்கை. நண்பர்களாகிய பேராசிரியர் சிலரும் இதே கவலையில் இருந்தனர். அவர்கள் எல்லாரும் கூடி, பொறுப்பைப் பகிர்ந்துகொண்டு, தம் பிள்ளைகளுக்குத் தாமே கற்பிப்பதென முடிவு செய்தனர். இவ்வாறு 1907ஆம் ஆண்டளவில் தோன்றியது அக்கூட்டுறவுப் பள்ளி. சிறுவரும் சிறுமியருமாகப் பத்துப் பிள்ளைகள் அளவில் அதில் இருந்தனர்.

அதற்குக் கட்டடம் இல்லை, மணி இல்லை. நாளொன்றுக்கு ஒரு பாடம். எஞ்சிய பொழுது விளையாட்டும் உடற்பயிற்சியும். ஆசிரியர்களின் பெயர்களை மட்டும் கேட்டால் எந்தப் பல்கலைக்கழகமும் பொறாமை கொள்ளும். கணிதம் கற்பித்தவர் பால் லாஞ்சவான். இரசாயனம் கற்பித்தவர் ஜான் பெரின். அணுக்கள் உண்மையில் உள்ளன என்பதை ஐயமற நிலைநாட்டி 1926இல் நோபல் பரிசு பெற்றவர் இவர். இயற்கை நூலை மூத்தோன் என்பாரும், ஓவியத்தையும் மண்ணுருவம் செய்தலையும் சிற்பி மக்ரூ என்பாரும் கற்பித்தனர். இலக்கியமும் வரலாறும் பெரினின் மனைவியார் பொறுப்பு. பௌதிகத்தைக் கியூரி அம்மையார் ஏற்றார். அப்பிள்ளைகள் ஒருநாள் சோர்பானில் பெரினின் சோதனைச்சாலைக்குச் சென்று இரசாயனப் பொருள்களைக் கையாளுவர். பிறிதொருநாள் வேறோர் ஆசிரியரிடம் செல்வர். எழுதப் படிக்கவே நன்கு பழகாத இச்சிறு கூட்டத்திற்கு இரசாயனப் பொருள்களைக் கலந்து பார்க்க உரிமை தந்திருக்கிறார்களே, சோர்பான் இன்னும் வெடித்துச் சிதறவில்லையே என்று செய்தியாளர் ஒருவர் கேலியாக எழுதினார். கேலிதான், எனினும் அந்நாளில் பலருக்கு உள்ளூர அந்த அச்சம் இருந்தது என்பதை அதிலிருந்து அறியலாம். சிறுமியர் கையில் குடுவையும் குழாயும் கொடுப்பது அன்று வழக்கமன்று.

கியூரி அம்மையாரின் வகுப்பு, பௌதிக இரசாயனப் பள்ளியில் பயன்படாதிருந்த ஓர் அறையில் நடைபெற்றது. முன்னர் அவர் ரேடியத்தைப் பிரித்தெடுத்த கொட்டகையும் அப்பள்ளியின் முற்றத்தில்தான் இருந்தது. அங்கே அவர் பெரிய வாய்பாடுகளை உரைக்கவில்லை. யாவரும் வெறும் புட்டி என்று சொல்லும் ஒரு புட்டியை எடுத்து, அது உண்மையிலேயே வெறும் புட்டியா என்று கேட்பதிலிருந்து பாடம் தொடங்கிற்று. புட்டியைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தினால் நீர் உள்ளே ஏறவில்லை. சற்றே சாய்த்தால் குமிழிகள் கிளம்பி மேலெழுகின்றன. அதன் பின்னரே நீர் புகுகிறது. ஆகவே புட்டியில் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. அது காற்று. காற்று ஒரு பொருளாயின் அதற்கு எடை உண்டன்றோ? குடுவையிலிருந்து காற்றை வாங்கிவிட்டு ஒருமுறையும், காற்றை உள்ளே விட்டு மறுமுறையும் தராசில் நிறுத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். ஒரு லிட்டர் காற்றின் எடை ஒன்றேகால் கிராமுக்குச் சற்று மேற்படும். காற்று, பிராணவாயு, நீராவி என்று இரசாயனம் பேசும் வாயுக்களுள் பல கண்ணுக்குப் புலப்படாதவை. கண்ணுக்குத் தெரியாததையும் நிறுத்து அளக்கலாம் என்பதை ஒரு குழந்தை தன் கையால் கண்டுகொண்டால், பின்னர் இரசாயனம் அதற்கு மந்திரமாகத் தோன்றாது.

காற்றின் அழுத்தம், நகரத்து வீடுகளுக்குக் குழாய்வழி நீர் ஏறிவரும் முறை, பொருள்களின் அடர்த்தி எனப் பாடங்கள் படிப்படியாக வளர்ந்தன. மிதிவண்டிச் சக்கரத்தில் உள்ள சிறு எஃகுக் குண்டுகளை மையில் தோய்த்துச் சாய்வான பலகையில் உருட்டுவர். அவை வளைகோடு ஒன்றை வரைந்துகொண்டே இறங்கும். விழும் பொருள்களின் விதியைப் பிள்ளைகள் அக்கோட்டில் கண்டறிந்தனர். புகைக்கரி படிந்த தாளில் ஊசல் தன் அசைவைத் தானே எழுதும். வெப்பமானியை அவர்களே செய்து, அளவுக்கோடுகளையும் அவர்களே இட்டனர். தாம் செய்த கருவி கடையில் வாங்கிய கருவியோடு ஒத்துக் காட்டியபோது அவர்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

அம்மையார் அன்புடையவர், ஆனால் ஒழுங்கீனத்தைப் பொறுக்கமாட்டார். மின்கலம் ஒன்றைச் செய்யும்போது யாரேனும் மேசையை அழுக்காக்கினால் அவர் முகம் சிவந்துவிடும். பிறகு துடைத்துவிடுவேன் என்னும் சமாதானத்தை ஏற்கவேமாட்டார்; முதலில் அழுக்காக்காமலே வேலை செய்யப் பழகவேண்டும் என்பார். கணக்கில் விரைவைக் காட்டிலும் பிழையின்மையே பெரிதென்று வற்புறுத்துவார். ரேடியத்தைத் தேடிய ஆண்டுகளில் ஒரு தூசு விழுந்தாலும் பல வார உழைப்பு வீணாகும் என்பதை அறிந்தவர் அல்லரோ அவர்?

ஒருநாள் கொதிக்கும் நீர்மம் நிறைந்த கலம் ஒன்றைக் காட்டி, இதன் சூடு ஆறாமல் காப்பதற்கு வழி யாது என்று வினவினார். அறிவிற் சிறந்த பிள்ளைகள் போட்டியிட்டு விடை கூறினர். கம்பளியால் சுற்றவேண்டும் என்றது ஒரு குழந்தை. மற்றவர்கள் செய்து முடிப்பதற்கு அரிய நுட்பமான ஏற்பாடுகளைச் சொன்னார்கள். எல்லாவற்றையும் கேட்ட அம்மையார் புன்னகைத்து, தாமாயின் முதலில் கலத்தை மூடிவைப்பதாகச் சொன்னார். வகுப்பு முடிந்ததும் கதவு திறக்கும். பணிப்பெண் ஒருத்தி ரொட்டியும் சாக்லேட்டும் ஆரஞ்சுப் பழங்களும் கொண்டுவருவாள். உண்டுகொண்டே வழக்காடுதலும் அப்பள்ளியின் ஒரு பாடம்தான் போலும்.

இவற்றையெல்லாம் நாம் அறிவதற்கு ஒரு சிறுமியின் விழிப்பே பெருங்காரணம். இசபெல் ஷவான் என்னும் அச்சிறுமி, அம்மையார் 1907இல் நடத்திய பாடங்களை ஒன்றுவிடாமல் குறிப்பேட்டில் எழுதி வைத்தாள். ஏறக்குறைய நூறாண்டு கழித்து, 2003இல், அக்குறிப்பேடு பிரெஞ்சு மொழியில் நூலாக அச்சேறியது.

அப்பள்ளி இரண்டாண்டளவே நடந்தது. ஆசிரியர் அனைவரும் தத்தம் ஆராய்ச்சியில் மூழ்கியவர்கள். நேரம் ஒதுக்குவது அரிதாயிற்று. பிள்ளைகளும் அரசினர் தேர்வுக்கு உரிய பாடங்களைப் படிக்கவேண்டிய வயதை அடைந்தனர். ஐரீன் தனியார் பள்ளி ஒன்றில் சேர்க்கப்பட்டாள். பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் கிடைத்த இக்கல்வி, பாரிசின் தொழிலாளர் தெருக்களில் வளர்ந்த சிறுமியர்க்குக் கிடைக்கவில்லை என்பதும் உண்மையே. உழவர் பிள்ளைகளைத் தம் அறைக்கு அழைத்துக் கற்பித்த பழைய மரியாவுக்கு இக்குறை தெரியாதிருக்க முடியாது.

1911ஆம் ஆண்டு சனவரியில் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்க மறுத்தது. அவ்வாண்டு முடிவதற்குள் இரசாயனத்திற்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1914இல் உலகப்போர் மூண்டது. புண்பட்ட வீரர்களின் உடலில் புதைந்த குண்டுகளைக் கண்டறிய எக்ஸ் கதிர்க் கருவிகள் வேண்டியிருந்தன. கருவிகளை இயக்குவோர் மிகக் குறைவு. அம்மையார் அக்கருவிகளை வண்டிகளில் ஏற்றிப் போர்முனைக்குக் கொண்டு சென்றார். 1916 முதல் ஏறத்தாழ 150 பெண்களுக்கு அவற்றை இயக்கும் பயிற்சி அளித்தார். அவர்கள் கல்வியில் ஒரே நிலையினர் அல்லர். சிறு பள்ளியில் கையாண்ட முறையே இங்கும் பயன்பட்டது. கொள்கையை விளக்கியதோடு கருவியைத் தொட்டு இயக்கவும் செய்வித்தார். அவருக்கு உதவியாகக் கற்பித்தவர், பதின்பருவம் கடவாத ஐரீன்.

ஐரீன் தாயின் வழியே இரசாயனம் பயின்று, பிரெடரிக் ஜோலியோ என்னும் அறிஞரை மணந்து, தாயார் நிறுவிய ரேடிய நிலையத்தில் கணவரோடு ஆராய்ந்து வந்தார். 1934ஆம் ஆண்டு சனவரியில் அவ்விருவரும் ஓர் அலுமினியத் தகட்டின்மேல், தாயார் கண்டுபிடித்த பொலோனியத்தின் கதிர்கள் படுமாறு வைத்தனர். பொலோனியத்தை அகற்றிய பிறகும் தகடு கதிர் வீசிக்கொண்டிருந்தது. அலுமினியத்தின் சிறு பகுதி, இயற்கையில் காணப்படாத, கதிர் வீசும் பாஸ்பரசாக மாறியிருந்ததே காரணம். அதனை இரசாயன முறையால் பிரித்துக் காட்டினாலன்றி உலகம் நம்பாது. ஆனால் அந்தப் பாஸ்பரசில் பாதி மூன்று நிமிட அளவில் அழிந்துவிடும். அதற்குள் தகட்டை அமிலத்தில் கரைத்து, எழும் வாயுவைச் சிறு கண்ணாடிக் குழாயில் பிடித்து, அளந்துவிடவேண்டும். அதனையும் செய்து முடித்தனர்.

தாயாரையும், சிறு வயதில் ஐரீனுக்குக் கணிதம் கற்பித்த லாஞ்சவானையும் அழைத்து அதனைக் காட்டினர். அறுபத்தாறு வயதான கியூரி அம்மையார், ரேடியத்தால் வெந்து தடித்த விரல்களால் அச்சிறு குழாயை வாங்கிக்கொண்டார். பிறர் சொன்னதைக் கேட்டு அமையாது, கதிரெண்ணும் கருவியின் அருகே அதனைத் தாமே கொண்டுசென்றார். கருவி படபடவென்று ஒலித்தது. அவர் முகத்தில் அன்று தோன்றிய மகிழ்ச்சியை ஜோலியோ தம் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

நெடுங்காலம் கதிர்களுக்கு ஆட்பட்டதால் இரத்தம் குன்றி, அவ்வாண்டு சூலைத் திங்கள் 4ஆம் நாள் அம்மையார் காலமானார். ஐரீனும் அவர் கணவரும் 1935ஆம் ஆண்டிற்குரிய இரசாயன நோபல் பரிசைப் பெற்றபோது, அதனைக் காண அவர் இல்லை.